ஐ.க்யூ.ஏ.சி. மாணவர் உறுப்பினருக்கு ஒரு மாதிரிக் குறிப்பு வேண்டும்

வணக்கம். காட்பாடி பக்கம், திருவள்ளுவர் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. ஐ.க்யூ.ஏ.சி.யின் (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) புது மாணவர் உறுப்பினருக்கு அடுத்த வாரம் முதல் கூட்டம்.

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் (NAAC) அமைப்பின் வழிகாட்டலில் காலாண்டுக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் இருந்தால்தான் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை). இதெல்லாம் தெரியும். சிக்கல் வேறு. வாயால் சொல்வது மினிட்ஸில் (கூட்டப் பதிவில்) ஏறாது. 'இதர பொருள்' என்று கடைசியில் எழுப்பினால், டீ வந்துவிடும், பேச்சு முடிந்துவிடும். அதனால் அஜெண்டா தயாராகும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க எண்ணம்.

பொருள்: லேப் முடிவதற்குள் அணைக்கட்டுப் பேருந்து போய்விடுகிறது. எத்தனை பேர், எந்தெந்த நாள், எத்தனை மணி என்று வகுப்புவாரியாகக் கணக்கு எடுத்தாயிற்று. மதிப்பெண் தகராறு மாதிரி தனிநபர் புகார்களைச் சேர்க்கவில்லை. அவை குறைதீர் குழுவுக்கு உரியவை. அங்கே மாணவர் சிறப்பு அழைப்பாளர்தான், கோரத்தில் சேர மாட்டார்.

ஐ.க்யூ.ஏ.சி.யில் உறுப்பினராக இருந்தவர்கள் சொல்லுங்கள்: குறிப்பு தமிழில் கொடுத்தால் ஏற்பார்களா? முந்தைய கூட்டத்தின் முடிவுகள் மேல் எடுத்த நடவடிக்கை அறிக்கையை எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? மாற்றுக் கருத்தை மினிட்ஸில் பதியவைத்த வாசகம் இருந்தால், பெயர்களை அழித்துவிட்டு அனுப்புங்கள்.