ஆட்டோஆன்டிபாடி: 'தன்பொருளெதிரி' சரியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஆன்டிபாடி என்பது நோயெதிர்ப்புக்காக உடல் உருவாக்கும் புரதம். அது சொந்த உடலையே குறிவைத்தால் ஆட்டோஆன்டிபாடி. அதன் பெயருக்கு வருமுன், குழுவில் வந்த ஒரு முன்மொழிவுக்குப் பதில்:

> அலர்ஜிக்கு 'வெளி ஒவ்வாமை', ஆட்டோஇம்யூன் நோய்களுக்கு (நோயெதிர்ப்பு சொந்த உடலையே தாக்குபவை) 'உள் ஒவ்வாமை' என்று வைத்தால் மாணவர்களுக்கு எளிது.

எளிதுதான் ஐயா. ஆனால் சீலியாக் நோயை எதில் சேர்ப்பீர்கள்? தூண்டுவது கோதுமையின் குளூட்டன், வெளியிலிருந்து வருவது. சிதைவதோ சிறுகுடலின் சொந்தத் திசு. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விலக்கினால் பெரும்பாலோருக்குக் குடல் தேறிவிடுகிறது. நாள்பட்ட காணாக்கடியில் கதை தலைகீழ். இறால் ஒவ்வாதவருக்கு வருவது போன்ற அதே தடிப்பு, அதே அரிப்பு. வெளிப்பொருள் மட்டும் அகப்படாது. அவர்களில் சிலருக்குச் சொந்த எதிர்ப்பொருளே (ஆன்டிபாடி) மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அரிப்பூட்டும் ஹிஸ்டமினைக் கொட்டவைக்கிறது. (கடித்தது கண்ணில் படவில்லை என்பதையே பெயராக்கியவர் நம் குழுவில் இருந்திருக்கலாம்.)

வியன்னா மருத்துவர் பிர்கே 1906இல் 'அலர்ஜி' என்ற சொல்லைப் படைத்தபோது, உடலின் மாறிய எதிர்வினை எல்லாவற்றுக்கும் சேர்த்தே வைத்தார் என்பது உண்மை. அந்த விரிவைத் தமிழ் 'ஒவ்வாமை' இனித் தாங்காது. புழக்கம் அதைத் தும்மலுக்கும் தடிப்புக்கும் ஒதுக்கிவிட்டது. இரண்டையும் அடக்கும் சொல் தேவையென்றால் 'மிகையுணர்திறன்' (ஹைப்பர்சென்சிட்டிவிட்டி) இருக்கிறது. நோயெதிர்ப்பியலாளர்கள் ஜெல், கூம்ஸ் இருவரும் 1963இல் வகுத்த நான்கு வகைகளும் அதன் கீழ்தான் வருகின்றன.

என் சிக்கல் வேறு. ஈழத்து உயிரியல் நூல்களில் ஆன்டிபாடிக்குப் 'பிறபொருளெதிரி' என்று வழங்குகிறோம். அழகான சொல், தூசுப் பூச்சிக்கும் மகரந்தத்துக்கும் பொருந்துகிறது. ஆட்டோஆன்டிபாடி வந்ததும் 'தன்பிறபொருளெதிரி' என்று எழுதுகிறார்கள். தன்னுடையது எப்படிப் பிறபொருளாகும்? முன்னொட்டைச் சேர்க்காமல் மாற்றினால் போதும்: 'தன்பொருளெதிரி'. பொதுப்பெயராகத் தமிழ்நாட்டின் 'எதிர்ப்பொருள்' இருக்கட்டும்.

அலர்ஜனுக்கு (அலர்ஜியைத் தூண்டும் பொருள்) 'ஒவ்வாமையூக்கி' என்பதே என் தேர்வு. 'ஒவ்வாப்பொருள்' என்றால் குற்றம் பொருளின் மேல் விழுகிறது. தூசுப் பூச்சியின் எச்சத்தில் உள்ள டெர் பி 1 என்ற ஒவ்வாமையூக்கி அதன் செரிமான நொதி, அவ்வளவுதான். பலர் அதை மூச்சில் இழுத்தும் நலமாகவே இருக்கிறார்கள். சுருக்கம் கருதி 'ஒவ்வூக்கி' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஒவ்வுதல் பொருந்துதல் அல்லவா? மறுப்பைத் தரும் 'ஆ' போனால் பொருளே கவிழ்ந்துவிடும்.

*

மறுமொழி:

அம்மா, 'தன்பொருளெதிரி' எனக்கு உடன்பாடு. உங்கள் கோதுமையே இதற்குச் சான்று. சீலியாக் நோயாளியின் குருதியில் கோதுமையின் கிளையடினுக்கு எதிரானதும் இருக்கும், உடலின் சொந்த நொதியான டிரான்ஸ்குளூட்டமினேசுக்கு எதிரானதும் இருக்கும். முன்னது பிறபொருளெதிரி, பின்னது தன்பொருளெதிரி. ஆய்வகத் தாளில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினாலும் குழப்பம் வராது.

ஒரே தயக்கம்: 'எதிர்ப்பொருள்' பொதுப்பெயர் என்றால் ஆன்டிஜெனுக்கு (ஆன்டிபாடி உருவாகத் தூண்டும் பொருள்) ஈழத்தில் வழங்கும் 'பிறபொருளெதிரியாக்கி' நிற்காது. தமிழ்நாட்டுப் பாடநூலின் 'எதிர்ப்பொருள் தூண்டி'யை எடுத்துக்கொண்டால் 'தன்னெதிர்ப்பொருள் தூண்டி' என்று மறுபடி நீள்கிறது. 'தன்தூண்டி' போதுமா? சொற்பட்டியலில் அதைக் கேள்விக்குறியோடு சேர்த்திருக்கிறேன். 'தன்பொருளெதிரி', 'ஒவ்வாமையூக்கி' இரண்டையும் கேள்விக்குறியின்றி ஏற்றிவிட்டேன்.