எழுத்துப் பயிற்சி: எல்லாருக்கும் ஒரே பாடமா, துறைக்கொரு பாடமா?

வைகைக்கரை:
அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் எழுத்துக்கும் பேச்சுக்கும் அழுத்தம் தரும் நான்கு பாடங்களை முடிக்க வேண்டும். இரண்டு கலை, சமூகவியல் பக்கம். இரண்டு சொந்தத் துறையில். அங்கேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு எழுத்து வகுப்புகளை வரலாறு, தத்துவம் என்று பல துறையினரும் நடத்துகிறார்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலும் முதலாண்டு ஆங்கிலத்தோடு சரி. கடைசி ஆண்டில் திடீரென்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதச் சொன்னால், சீனியரின் ஃபைலைத்தான் தேடி ஓடுவார்கள். துறைக்கொரு எழுத்துப் பாடம் நமக்கும் வேண்டும்.

தாமிரபரணி:
ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இதை ஏற்க முடியவில்லை. பாடங்களைக் கூட்டினால் எழுத்து வந்துவிடாது. எழுதியதை ஒருவர் படித்து, எந்த வரி புரியவில்லை என்று சொல்ல வேண்டும். மாணவர் அதை மறுபடி எழுத வேண்டும். கார்னெலில் அந்த வகுப்புகள் 20 பேருக்குள்தான். இங்கே 60 பேர். ஆளுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 10 மணி நேரம். அதுவும் ஒரே ஒரு தடவை திருத்த! நான்கு பாடம் வைத்தால் கடையில் நான்கு கைடு வரும், அவ்வளவுதான். முதலில் ஒரு பாடத்தைச் சின்ன வகுப்பில் ஒழுங்காக நடத்தட்டும்.

கட்டுமானம்:
ஐயா, திருத்த வேண்டும் என்பது சரி. யார் திருத்துவது? கட்டட ஆய்வு ரிப்போர்ட்டில் விரிசல் எங்கே, எவ்வளவு அகலம், எப்போது அளந்தது என்று இருக்க வேண்டும். காரணம் உறுதியாகத் தெரியாவிட்டால் அதையும் எழுத வேண்டும். ஆங்கில ஆசிரியர் இலக்கணத்தைச் சரிசெய்வார். அளவு விடுபட்டதைச் சிவில் ஆசிரியர்தான் பிடிப்பார்.

தாமிரபரணி:
அந்தச் சிவில் ஆசிரியருக்கு நேரம் கொடுப்பது யார், தம்பி?

ஆய்வுமேசை:
பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றி 2 கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019இல் கட்டாயமாக்கியது. காப்பியடிக்கக் கூடாது என்று சொல்லித்தருவது தேவைதான். ஆனால் முந்தைய ஆய்வுகளைச் சொந்த நடையில் தொகுத்து, நாம் எங்கே மாறுபடுகிறோம் என்று காட்ட எழுதி எழுதித்தான் பழக முடியும். அந்தப் பழக்கம் இல்லாதவர்தான் பயத்தில் காப்பியில் போய் விழுகிறார். அதனால் என் ஓட்டு தனித்தனிப் பாடங்களுக்கே.

இன்னொன்று. அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியில் சிவிலும் மெக்கானிக்கலும் 2010இல் வந்தன. அந்த மாணவர்கள் தமிழில் தொழில்நுட்ப அறிக்கை எழுத யாரிடம் பழகுவது? எழுத்துப் பயிற்சி என்றாலே ஆங்கிலம் என்று ஏன் எல்லாரும் பேசுகிறோம்?

தாமிரபரணி:
தமிழ் அறிக்கை பற்றிச் சொன்னது நியாயம். அதற்குத் தனிப் பாடமே வைக்கலாம். ஆனால் ஆள் கணக்கில் நான் இறங்கி வர மாட்டேன். திருத்த ஆள் போடாமல் பாடம் மட்டும் போடுவது மாணவரை ஏமாற்றுவது.

வைகைக்கரை:
அப்படியானால் புதுப் பாடமும் புதுத் தேர்வும் வேண்டாம். லேப் ரெக்கார்டை எடுங்கள். வாரம்தோறும் செய்முறையை அப்படியே பார்த்து எழுதி, கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் இரண்டே இரண்டு சோதனைகளை முழு ரிப்போர்ட்டாக எழுதச் சொல்லி, திருத்தி, மறுபடி எழுதச் சொல்லலாமே.

தாமிரபரணி:
அதே 60 பேர்தானே?

கட்டுமானம்:
லேப்பில் பேட்ச் பிரித்துத்தானே விடுகிறார்கள், ஐயா. எங்கள் கல்லூரியில் 30 பேர். மற்ற ரெக்கார்டுகளைக் குறைத்தால் அந்த நேரமும் ஆசிரியருக்கு மிஞ்சும். எதைக் குறைப்பது என்று லேப் நடத்துகிறவர்கள் யாராவது இங்கே சொல்லுங்கள்.