தணிக்கையிலிருந்து டியூ டிலிஜென்ஸ் பணிக்கு மாற விரும்புகிறேன்: எங்கே தொடங்குவது?

மண்டபம் கணக்கர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பட்டயக் கணக்காளர் தேர்வில் வெற்றி பெற்று, நான்கு ஆண்டுகளாக இராமநாதபுரத்தில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வங்கிக் கிளைகள், இரண்டு மூன்று உப்பு நிறுவனங்கள், தொண்டி முதல் கீழக்கரை வரை உள்ள கடல் உணவு ஏற்றுமதியாளர்கள் என்று வேலை ஓடுகிறது. அண்மையில் எங்கள் கட்சிக்காரர் ஒருவரின் நிறுவனத்தை வாங்க விரும்பியவர்கள், டியூ டிலிஜென்ஸுக்காக, அதாவது வாங்கும் முன் நிறுவனத்தை அலசிப் பார்க்க, சென்னையிலிருந்து ஒரு குழுவை அனுப்பியிருந்தார்கள். நாங்கள் கையெழுத்திட்ட அதே கணக்குகளைப் பத்து நாள்கள் பிரித்துப் பார்த்த அவர்கள், நாங்கள் நான்கு ஆண்டுகளாகக் கேட்காத கேள்விகளைக் கேட்டார்கள். அன்றிலிருந்து அந்த வேலைமேல்தான் மனம் இருக்கிறது. நேர்காணலில் என்ன எதிர்பார்ப்பார்கள், என் தணிக்கை அனுபவத்தை முழுதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா, ஊரில் இருந்தபடியே என்ன தயாரிப்பு செய்யலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

தொண்டியான்

தம்பி, நானும் நம் கடற்கரைக்காரன்தான். ஆறு ஆண்டுகள் தணிக்கையில் இருந்துவிட்டுச் சென்னையில் இந்த வேலைக்கு வந்தேன். எக்செல், பவர் குவரி ஆகியவற்றைக் கற்கும்படி எல்லோரும் சொல்வார்கள். கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். எனக்கு நீண்ட காலம் பிடித்தது வேறொன்று. ஒரு தொகையைக் கண்டதும் ‘இது சரியாகப் பதிவாகியிருக்கிறதா’ என்று கேட்டே பழகிய மனத்தை, ‘இது அடுத்த ஆண்டும் வருமா, உரிமையாளர் மாறினாலும் வருமா’ என்று கேட்க வைக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வரிக்கு முந்தைய இலாபம் 6 கோடி ரூபாய் உள்ள நிறுவனத்தில், அதன் 5 சதவீதமாகிய 30 இலட்சத்தை முக்கியத்துவ வரம்பாக, அதாவது அதற்குக் கீழான பிழைகளைப் பெரிதாக எடுக்காத எல்லையாக, நீங்கள் வைத்திருப்பீர்கள். ஐஸ் பிளாண்டில் ஏற்பட்ட விபத்துக்காக வந்த காப்பீட்டுத் தொகை 20 இலட்சம் அந்த ஆண்டு வருமானத்தில் சேர்ந்திருந்தால், பதிவும் சரி, தொகையும் வரம்புக்குள்; நீங்கள் கடந்து போய்விடுவீர்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் விலை எபிட்டாவின் (வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள இலாபம்) எட்டு மடங்கு என்று பேசப்பட்டிருந்தால், இனி வரப்போகாத அந்த 20 இலட்சத்துக்காக வாங்குபவர் 1 கோடியே 60 இலட்சம் கொடுக்க நேரும். உரிமையாளரின் மகன் சம்பளம் வாங்காமல் ஆலையைக் கவனித்து வந்தால் அதுவும் இதே வகைதான்: நாளை ஒரு மேலாளரை நியமிக்கும் செலவை இன்றைய இலாபத்திலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும்.

இனி நடைமுறை மூலதனம், அதாவது சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி என்று அன்றாடத் தொழில் ஓட உள்ளே நிற்கும் பணம். இதில் நம் ஊர்க்காரருக்குச் சென்னைக்காரரைவிட ஒரு கை கூடுதல் பலம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். இருப்புநிலைக் குறிப்போ மார்ச் 31-க்கு, அதாவது தடை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு எடுக்கப்படுகிறது. தடைக்கால ஆர்டர்களுக்காகக் குளிர்கிடங்கை நிரப்பி வைக்கும் நிறுவனத்தில், மார்ச் 31-இன் சரக்கிருப்பைப் பார்த்து ‘எப்போதும் இவ்வளவுதான்’ என்று எழுதினால் கதை முடிந்தது; ஜூன் நடுவில் அதே கிடங்கு காலியாக இருக்கும். அந்த நாளில் நிறுவனம் கைமாறினால், மீன் கொள்முதலுக்கான பணத்தை, நிறுவனத்தை வாங்குபவரே புதிதாகப் போட வேண்டி வரும். அதனால்தான் மாதவாரி இருப்பாய்வை (எல்லாக் கணக்குகளின் மீதிப் பட்டியல்) 24 அல்லது 36 மாதங்களுக்குக் கேட்டு வாங்கி, இயல்பான அளவு எது என்று கணக்கிட்டு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறோம். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்கள்தான் கடலுக்குப் போகும் என்பதைக்கூட எங்கள் குழுவில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கீழக்கரை ஏற்றுமதியாளர்

நான் கணக்காளன் அல்லன், ஆய்வுக்கு உட்பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலீட்டாளர் என் நிறுவனத்தில் பங்கு வாங்க வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். படகு உரிமையாளர்களுக்கு நான் கொடுத்து வைத்திருந்த முன்பணத்துக்கு எங்கள் தணிக்கையாளர் ஆண்டுதோறும் உறுதிக் கடிதம் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுவார். ஆய்வுக்கு வந்த பெண்மணி கடிதங்களைப் புரட்டக்கூட இல்லை, “இந்தப் பணத்தை நாளை திருப்பிக் கேட்டால் அந்தப் படகுகளின் மீன் யாருக்குப் போகும்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் தேநீர் வரவழைத்தேன். முன்பணம் நிற்கும் வரைதான் மீன் என்னிடம் வரும், அதுவும் சந்தையைவிடச் சற்றுக் குறைந்த விலையில் வரும் என்பது நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தொகையைக் கையிருப்புப் பணம்போலக் காட்டி விலையில் கூட்டிக் கேட்டிருந்தேன். தொழில் நடக்க என்றும் உள்ளேயே இருக்க வேண்டிய பணம் என்று அவர்கள் அதை நடைமுறை மூலதனத்துக்குள் தள்ளிவிட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவர்கள் சொன்னது உண்மை.

மண்டபம் கணக்கர்

இருவருக்கும் நன்றி. முன்பணத்துக்கு நானும் கடிதம்தான் வாங்கியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அலுவலகக் கட்சிக்காரர்களின் கணக்குகளை வைத்து இந்தப் பயிற்சியைச் செய்து, பெயரை மறைத்து நேர்காணலில் காட்டலாமா?

தொண்டியான்

வேண்டவே வேண்டாம். தொழில்வழி அறிந்ததைக் கட்சிக்காரரின் ஒப்புதலின்றி வெளியிடுவது 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வரும் தொழில்முறைக் குற்றம். பெயரை மறைத்தாலும் நம் மாவட்டத்தில் எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? பட்டியலிடப்பட்ட நிறுவனத்தை எடுங்கள். காக்கிநாடாவின் அபெக்ஸ் ஃப்ரோசன் ஃபுட்ஸ் 2017-இல் பங்கு வெளியிட்டது. அதன் வெளியீட்டு ஆவணம் பொதுவில் கிடைக்கும். இறால் ஏற்றுமதி என்பதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

முன்னாள் ஆய்வாளர்

மூன்று ஆண்டுகள் அந்த வேலையில் இருந்துவிட்டுத் தணிக்கைக்கே திரும்பியவள் நான். எனக்குத் தெரிந்தவரை தணிக்கை அனுபவத்தை முழுதாகக் கணக்கில் எடுக்காமல், பதவியில் ஒரு படி கீழே எடுப்பதுதான் வழக்கம். என்னையும் அப்படித்தான் எடுத்தார்கள். தணிக்கையில் செப்டம்பர் போனால் மூச்சு விடலாம், இங்கே பருவமே கிடையாது. அதைவிட முக்கியமானது: தணிக்கையாளருக்கு 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 143-ஆம் பிரிவு கணக்கேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. டியூ டிலிஜென்ஸில் அப்படி எந்தச் சட்ட உரிமையும் இல்லை. விற்பவர் டேட்டா ரூமில் (ஆய்வுக்கான ஆவணங்களைப் பகிரும் இடம்) போட்டதும், பேச்சில் சொன்னதும்தான் கையில் இருக்கும். என் முதல் சந்திப்பில் தணிக்கை மிடுக்கோடு நான் சான்றாவணம் கேட்டதும், விற்பவர் எழுந்து போய்விட்டார்.

இறால் நிறுவனத்தை எடுப்பதாக இருந்தால் கடன் போன்ற இனங்களையும், அதாவது கடன் என்று பெயரில்லாவிட்டாலும் பின்னால் கட்ட வேண்டி வரும் தொகைகளையும், பாருங்கள். இந்திய இறாலுக்கு அமெரிக்காவில் 2005 முதல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிகக் குறைந்த விலையில் இறக்குமதியாவதைத் தடுக்கும் ஆன்டி-டம்பிங் வரி) உண்டு. சரக்கு நுழையும்போது கட்டுவது வைப்புத்தொகை மட்டுமே. இறுதி வீதம் பிந்தைய மறுஆய்வில் முடிவாகும். அங்கே தாமே இறக்குமதியாளராகப் பதிவு செய்துகொண்டு அனுப்பும் நிறுவனமானால், பழைய ஆண்டுகளின் வித்தியாசம் புதிய உரிமையாளர் தலையில் வந்து விழும்.

மண்டபம் கணக்கர்

அம்மா, இந்த வரி விவரம் எனக்குப் புதிது, நன்றி. தொண்டி அண்ணன் சொன்ன நிறுவனத்தையே எடுத்துக்கொண்டேன். மாதவாரிக் கணக்கு வெளியில் கிடைக்காது என்பதால், அரையாண்டுக்கு ஒருமுறை வெளியிடப்படும் இருப்புநிலைக் குறிப்புகளில் மார்ச் 31-ஐயும் செப்டம்பர் 30-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரக்கிருப்பிலிருந்து தொடங்குகிறேன். அவர்களுடையது பெரும்பாலும் பண்ணை இறால். தடைக்காலம் அவர்களைத் தொடாது. ஆகவே ஏற்ற இறக்கம் தெரிந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். முடித்ததும் இங்கே இடுகிறேன், தவறிருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.