இலையுதிர்காலம், மலை நகரம், தனியாக இரண்டு நாள்: என் திட்டம் சரிவருமா?

பயணப்பை:
வருகிற சனி, ஞாயிறு ஒரு மலை நகரத்துக்குத் தனியாகப் போகிறேன். நகரம் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சனி பகல் 12 மணிக்குப் பேருந்து போய்ச் சேரும். அறையில் பையைப் போட்டுவிட்டு 1 மணிக்குக் கிளம்பி, 2,800 மீட்டரில் இருக்கும் முகட்டுக்கு ஏறி இறங்கலாம் என்று எண்ணம். போக வர 12 கி.மீ. சூரியன் மறைவது 5.45. ஞாயிறு காலை நிதானமாக எழுந்து ஊரைச் சுற்றிவிட்டு 3 மணிப் பேருந்தில் திரும்பவேண்டும்.

ஊரில் பகலில் 14 டிகிரி இருக்குமாம். ஒரு ஸ்வெட்டர் போதுமா? அப்புறம், என் ஃபோன் குளிரில் 30 விழுக்காடு காட்டும்போதே அணைந்துபோகிறது. என்ன செய்யலாம்?

மேட்டுப்பாதை:
ஸ்வெட்டர் இருக்கட்டும், முதலில் சனி மதியத்தைப் பாருங்கள். 1892-ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு ஒன்று மலையேறுபவர்களிடம் இன்றும் புழங்குகிறது. 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் 12 கி.மீ.க்கு 2 மணி 24 நிமிடம், 900 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி. ஏறக்குறைய 4 மணி நேரம். அதுவும் பழகிய கால்களுக்கு, எங்கேயும் நிற்காமல். தண்ணீர் குடிப்பது, படம் எடுப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்த்தால் ஐந்தரை மணி என்று வையுங்கள். 6.30 ஆகிவிடும், அதாவது இறக்கத்தின் கடைசிப் பகுதி இருட்டில்.

5.45 என்பதும் தட்டையான அடிவானத்துக்குப் போட்ட கணக்குதான். பள்ளத்தாக்கில் மேற்கே ஒரு மலை நின்றால் வெயில் அதற்கு வெகு முன்பே போய்விடும், குளிர் உடனே இறங்கும்.

ஏற்றத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். 7 மணிக்குக் கிளம்பினால் 12.30-க்குத் திரும்பிவிடலாம், பேருந்துக்கும் நேரம் மிஞ்சும். சனி மாலை ஊரைச் சுற்றுங்கள். ஓர் இரவு அந்த உயரத்தில் தூங்கி எழுவது உடம்புக்கும் நல்லது. 2,500 மீட்டருக்கு மேலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள், கூடினால் இறங்கிவிடுங்கள்.

கம்பளி:
ஸ்வெட்டர் கேள்விக்கு நான் வருகிறேன். உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊரில் 14 என்றால் முகட்டில் 8 தான். காற்று அடித்தால் இன்னும் குளிரும். நீங்கள் இப்போது காலையில் வேறு கிளம்பப்போகிறீர்கள். ஒரே தடித்த ஸ்வெட்டர் ஏறும்போது வேர்க்க வைக்கும், நின்றதும் அந்த ஈரமே நடுக்க வைக்கும். உள்ளே பருத்தி வேண்டாம், காயவே காயாது. மெல்லிய கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ் (பஞ்சுபோல மென்மையான செயற்கை இழை மேலாடை), எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. ஏற ஆரம்பிக்கும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள்.

சும்மா_ஒருவன்:
தனியாகப் போகாதீர்கள் என்பதே என் பதில்.

மேட்டுப்பாதை:
அவர் கேட்டது அதை இல்லையே! தனியாகப் போகிறவருக்கு வேண்டியது, எங்கே போகிறார் என்று தெரிந்த ஓர் ஆள். பயணப்பை, எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்லவேண்டும் என மூன்றையும் வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். விடுதியிலும் சொல்லிவையுங்கள். ஒரு விசில், ஒரு தலைவிளக்கு கட்டாயம். ஆல்ப்ஸ் வழக்கப்படி ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள்.

மின்கலம்:
ஃபோன் விஷயம். குளிரில் பேட்டரியின் உள்மின்தடை கூடும். கேமராவைத் திறந்ததும் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து ஃபோன் அணைந்துவிடும். மிச்சமிருக்கும் சார்ஜ் எங்கேயும் போகாது, சூடேறினால் திரும்ப வரும். உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் விமானப் பயன்முறையில் போடுங்கள், தேடித் தேடியே பேட்டரி தீரும். வரைபடத்தை முன்னமே இறக்கிவையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே சில்லிட்டுப்போன ஃபோனை உடனே பவர்பேங்கில் செருகாதீர்கள், பேட்டரி கெடும்.

பயணப்பை:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: இலை நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போகிறேன். தாமதமாகிவிட்டதா?

கம்பளி:
நிறம் மேலே தொடங்கிக் கீழே இறங்கும். முகட்டுப் பக்கம் மொட்டையாக இருந்தாலும் ஊருக்குக் கீழே இன்னும் சிவந்திருக்கலாம். பேருந்தில் பள்ளத்தாக்குப் பக்கம் ஜன்னல் இருக்கை கேளுங்கள். இது சீசன் முடியும் நேரம், 3 மணி வண்டி இன்னும் ஓடுகிறதா என்று இன்றைக்கே ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள்.