1:24 சாகாவுக்கு ரிம் தேடுகிறேன், பெயின்ட் யோசனையும் வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா காரை 1:24 அளவில் சின்ன மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தோட்டத்தில் அப்பா ஓட்டிய அதே சிவப்பு கார். அவர் பிறந்தநாளுக்குள் முடித்துவிட ஆசை.

பாடி ரெசினில் அச்சடித்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேய்த்து, பிரைமரும் சிவப்பும் அடித்தாயிற்று. தொல்லை கடைசியாக மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியரில்தான். மழை பெய்த சாயங்காலங்களில் அடித்தால் பானெட் முழுக்கப் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடுகிறது. தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்துபோக, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். வெயிலில் அடிக்கலாம், ஆனால் பகலெல்லாம் எனக்கு வேலை. டப்பா ஸ்பிரேயில் ரிடார்டர் (பெயின்ட் காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலக்க வழியில்லை. ஏர்பிரஷுக்கு மாறினால் நம் ஊர் ஈரத்துக்கு எவ்வளவு கலக்கிறீர்கள்?

அப்புறம் ரிம். அசல் காரில் 13 அங்குலம், அதாவது எனக்கு வேண்டியது 14 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடையில் கிடைப்பதெல்லாம் 18 அங்குலக் கணக்கில் செய்தவை. அதை மாட்டினால் சாகாவின் முகமே மாறிவிடும். பழைய கிட்டில் மிஞ்சிய சின்ன ரிம் நாலு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஈப்போ வரை நானே வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.