பாய்வழி உயிரணுமானி: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

உயிரணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு லேசர் ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு இந்த இழையில் வந்த தமிழ்ச் சொற்களை, அந்தக் கருவி உண்மையில் செய்யும் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கருத்துகளையும் ஒரு முன்மொழிவையும் கீழே தருகிறேன்.

> உயிரணுப் பாய்வளவி என்றால் போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் பாய்வளவி என்பது குழாயில் எவ்வளவு நீர் போகிறது என்று காட்டும் கருவிக்கு உரிய சொல். அதன் முன்னால் உயிரணுவைச் சேர்த்தால், உயிரணுக்கள் எவ்வளவு பாய்கின்றன என்று அளப்பதாகவே பொருள்படும். இங்கே அளக்கப்படுவது உயிரணு. பாய்வு அதை அளக்க உதவும் வழி மட்டுமே. மாதிரியைச் சுற்றி, அதை உறைபோல மூடும் உறைநீர்மம் விரைந்து ஓடுகிறது. இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக ஓடுவதால் மாதிரி நடுவில் மெல்லிய இழையாக ஒடுங்கி, உயிரணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிரைக் கடக்கின்றன. முன்னோக்கிச் சிதறும் ஒளியிலிருந்து பருமனைத் தோராயமாக அறியலாம். பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளிருக்கும் துகள்செறிவைக் காட்டும். குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பான்களோடு இணைத்து ஏற்றிய ஒளிர்சாயங்கள் உமிழும் ஒளி, எந்தெந்தப் புரதங்கள் அந்த உயிரணுவில் உள்ளன என்று சொல்லும். நொடிக்கு ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் இப்படிக் கடந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இத்தனை அளவீடுகளும் பதிவாகின்றன. இக்கருவியின் பெருமையே அதுதான்.

ஆகவே உயிரணு எண்ணி என்ற பரிந்துரையையும் என்னால் ஏற்க முடியவில்லை. வாலஸ் கூல்டர் 1953இல் காப்புரிமை பெற்ற, மின்தடை மாற்றத்தைக் கொண்டு இயங்கும் கருவிக்கே அந்தப் பெயர் பொருந்தும். நாம் பேசும் கருவி முதன்மையாக, எந்த வகை உயிரணு எத்தனை பங்கு என்ற விகிதத்தையே தருகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை என்ற முழு எண்ணிக்கை வேண்டுமானால், செலுத்தப்பட்ட பருமனளவு தெரிந்திருக்க வேண்டும். அல்லது எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகளை மாதிரியில் சேர்த்து ஓட்ட வேண்டும்.

> துடிப்பு என்ற சொல்லும் பெயரில் வரலாமா? கருவி பதிவதெல்லாம் மின்துடிப்புகள்தானே.

இதை எழுதியவர் வரலாற்றைத் தொட்டுவிட்டார். 1968இல் மூன்ஸ்டர் நகரில் வொல்ஃப்காங் கோடெ ஒளிர்வை அளக்கும் முதல் கருவியை உருவாக்கியபோது, அந்த முறைக்குத் துடிப்பு உயிரணு ஒளியளவியல் என்று பொருள்தரும் பெயரே இருந்தது. 1976இல் அமெரிக்காவின் பென்சகோலாவில் நடந்த மாநாட்டில்தான் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற இன்றைய பெயரைப் பொதுவாக வழங்குவதென்று முடிவெடுத்தார்கள். துறையினரே கூடிக் கைவிட்ட சொல்லை நாம் திரும்ப எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இனி என் சொல். வினைத்தொகையாகப் பாய்கலம் என்று தொடங்கத்தான் முதலில் ஆசை வந்தது. உயிரணுவைக் குறிக்கும் கலம் இலங்கைப் பாடநூல்களில் நிலைத்த நல்ல சொல். ஆனால் பாய்கலம் என்று கேட்டதும் பாய்மரக் கப்பல்தான் மனத்தில் எழும். உயிரணு நீளமானாலும் ஐயத்துக்கு இடமில்லாதது. உயிரணுவளவி என்று சேர்த்துச் சொன்னால் வளவி என்று காதில் தனியே விழுகிறது. வெப்பமானி, அழுத்தமானி என்று பள்ளியிலேயே பழகிய மானி இருக்கிறதே. பாய்வழி உயிரணுமானி என்பது கருவிக்கு. பாய்வழி உயிரணு அளவியல் என்பது துறைக்கு.

பல சாயங்களின் ஒளியை ஒருசேர அளக்கும் கருவிக்குப் பன்னிறம் என்ற அடைமொழியை ஏற்கிறேன், பல்வண்ணத்தைவிடக் கட்டுக்கோப்பானது. ஆனால் இங்கே நிறம் என்பது கண்ணுக்குத் தெரிவது அன்று என்பதைக் குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும். 530/30 என்று எழுதிய வடிகட்டி 515 முதல் 545 நானோமீட்டர் வரையிலான ஒளியை மட்டும் விடும். அதன் பின்னாலுள்ள உணரி வந்த ஒளியின் அளவைத்தான் பதியும். 780 நானோமீட்டரை ஒட்டி உமிழும் சாயங்களும் உண்டு. அவை கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, ஆனாலும் ஒரு நிறமாகவே எண்ணப்படும். எட்டு நிறக் கருவி என்றால் ஒளிர்வுக்கு எட்டுத் தடங்கள், அதாவது வடிகட்டியும் உணரியும் சேர்ந்த எட்டு வழிகள், என்று பொருள்.

மேசைமேல் வைக்கும் அளவுள்ள கருவியைக் குறிக்கும் மேசைவகை என்ற அடை தேவைப்படும் இடத்தில் வந்தால் போதும், கலைச்சொல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை.

உயிரணுப் பிரிப்பி என்ற சொல்லை இதற்கு வைக்கவே கூடாது. மேசைவகைக் கருவிகளில் பெரும்பாலானவை அளந்த உயிரணுக்களைக் கழிவுக் கலனுக்கே அனுப்புகின்றன. வேண்டிய உயிரணுக்களைத் துளிகளாக மின்னூட்டித் திருப்பிச் சேகரிக்கும் கருவி வேறு; 1965இல் மேக் ஃபுல்வைலர் காட்டிய வழி அது. அதற்கும் பிரிப்பி பொருந்தாது, உயிரணுப் பிரிவு என்ற வேறு பொருள் குறுக்கிடும். இனம்பிரிப்பி என்று சொல்லலாம்.

துணைச் சொற்களில் ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். காம்பன்சேஷன் என்பதற்கு ஈடுசெய்தல் என்றால் மாணவருக்கு எதுவும் விளங்காது. பச்சையில் உமிழும் ஃப்ளோரசீன் சாயத்தின் ஒளியில் ஒரு பகுதி, ஃபைகோஎரித்ரின் என்ற மற்றொரு சாயத்துக்கான அண்டைத் தடத்திலும் விழுகிறது. ஒற்றைச் சாயம் மட்டும் ஏற்றிய மாதிரிகளை ஓட்டி அந்தப் பங்கைக் கணித்துக் கழிக்கிறோம். நிறக்கசிவு, நிறக்கசிவுத் திருத்தம் என்றால் சொல்லே செய்முறையைச் சொல்லிவிடும். அளவீடுகளைக் கொண்டு வேண்டிய உயிரணுக் கூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் கேட்டிங் என்பதற்கு வாயிலிடல் வேண்டாம். புள்ளிப்படத்தில் நாம் வரைவது எல்லைக்கோடு, எனவே வரம்பிடல்.

தீராத ஒன்று மீதமிருக்கிறது. ஒவ்வொரு சாயத்தின் முழு நிறமாலையையும் பல உணரிகளில் பதிந்து, பிறகு கணக்கிட்டுத் தனித்தனியாக்கும் கருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. அங்கே கசிவு என்று எதையும் கழிப்பதில்லை, கலந்த ஒளி முழுவதும் பங்கிடப்படுகிறது. நிறமாலைப் பிரித்தறிதல் என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. இதற்கு ஒரு நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?

அன்புடன்.