பழைய வீட்டை ஒட்டிப் புது அறைகள்: சுவரோடு பிணைப்பதா, பிரித்துக் கட்டுவதா? (கம்பிகட்டு, காரைவீடு, உத்தரம் என்ற புனைபெயர்களில் மூவர் பேசுகிறார்கள்.)

கம்பிகட்டு:
பின்பக்கம் சமையலறை, குளியலறை சேர்ப்பதென்றால் பழைய சுவரில் துளை போட்டு, கம்பி சொருகி, புதுத் தளத்தைப் பிணைத்துவிடுங்கள். பிரித்து விட்டால் அந்தச் சந்தில்தான் மழைத்தண்ணீர் இறங்கும். உள்ளே உதிரும் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு 1:4 சிமெண்ட்-மணல் பூச்சு போதும்.

காரைவீடு:
இரண்டுமே தவறு. பழைய அஸ்திவாரம் எப்போதோ மண்ணில் இறங்கி நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். பிணைத்தால் புதுத் தளம் பழைய சுவரையும் இழுக்கும், சாய்வாக விரிசல் ஓடும். சுவரும் தளமும் கூரையும் 25 மி.மீ. விலகி நிற்கட்டும். நடுவே அமுங்கும் ஃபோம், வெளிமுகத்தில் இழுபடும் சீலண்ட். கூரைச் சந்துக்கு உலோகத் தகடு: ஒரு விளிம்பை மட்டும் பழைய சுவரில் பதியுங்கள், மறு விளிம்பு நகர வேண்டும். இரண்டையும் இறுக்கினால் தகடு கிழியும். நீங்கள் சொல்லும் ஒழுக்கு அங்கிருந்துதான் வருகிறது.

பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே பக்கத்தில் குழி தோண்டவே கூடாது. பில்லரை ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி, பீமை நீட்டிச் சுமக்க வையுங்கள்.

கம்பிகட்டு:
பில்லர் விஷயம் சரி. ஆனால் அடியில் பாறை என்றால் இறக்கமே இருக்காது. நிலநடுக்கப் பகுதியில் 25 மி.மீ. இடைவெளி போதாமல் இரண்டும் மோதிக்கொள்ளவும் கூடும்.

காரைவீடு:
ஒப்புக்கொள்கிறேன். அங்கே உயரத்தையும் அசைவையும் கணக்கிட்டு இடைவெளியைக் கூட்ட வேண்டும். அதுவும் பிரித்துக் கட்டுவதுதானே!

உத்தரம்:
பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்பு வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை அடைக்கும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு பூத்துச் செங்கல் பொடியும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மணல் (சொரசொரப்பான மணல்), ஒரு பூச்சுக்கு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெயில் படாமல் நனைந்த சாக்கு கட்டி ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிரும். பலர் சுண்ணாம்பைக் குறை சொல்வது இதனால்தான். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

கம்பிகட்டு:
குளியலறைக்குச் சுண்ணாம்பு தாங்காது, அதில் மாறமாட்டேன்.

உத்தரம்:
குளியலறையைப் புதுப் பகுதியில் வையுங்கள். பழைய மரத்தளத்தின் மேல் 50 மி.மீ. காரைத்தளம் போட்டாலே சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் கூடும், தளத்தைத் தாங்கும் மர உத்தரம் தொய்யும். வேறு வழியில்லையென்றால் பழைய சுவருக்கு முன்னால் காற்றோடும் இடம் விட்டுத் தனிச் சட்டம் நிறுத்தி, அதில் சிமெண்ட் பலகையும் டைலும் ஒட்டலாம்.

கம்பிகட்டு:
தனிச் சட்டம் என்றால் சரி. குழாயும் அதற்குள்ளேயே போகட்டும், பழைய சுவரில் காடி வெட்ட வேண்டாம்.